மூன்று விநாடிக் கிணறு

சாமுவேல் வீட்டுக்கு அந்தக் கிணறு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சோபியாவின் புத்தகப் பையில் வந்து சேர்ந்தது. காவாந்தண்டலத்தில் அன்றைக்கு அடித்த வெயிலைப் பற்றி நான் கூட்டிச் சொல்லப்போவதில்லை. செய்யாற்று மணலில் வந்து இறங்கிய கொக்கு வழக்கம்போல ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. கொஞ்ச நேரத்தில் மற்ற காலையும் தூக்கிவிட்டது. அவ்வளவுதான் வெயில்.

சாமுவேல் ஏகாம்பரத்தின் டிராக்டரை ஓட்டுகிறவர். வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டு வந்து, கேழ்வரகுக் கூழில் மோரை ஊற்றி, பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி மங்கம்மா வாசலில் உட்கார்ந்து கருவாட்டைத் தட்டி மணல் போக்கிக்கொண்டிருந்தாள். சோபியா பையைக்கூட இறக்காமல் நின்றாள். பதினொன்றாம் வகுப்பு. உத்திரமேரூருக்கு பஸ்ஸில் போய்ப் படிக்கிறாள்.

"அப்பா, திங்கக்கெயம உன்ன இஸ்கூலுக்கு இட்டுக்கினு வரச் சொன்னாங்க."

"இன்னாத்துக்கு?"

"கையெயுத்துப் போடத்தான். பிசிக்ஸ் வராதவங்கள வேற குரூப்புக்கு மாத்துறாங்க."

போன வாரம் தமிழ்ச்செல்வி டீச்சர் சோபியாவைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டுச் சாக்பீஸைக் கையில் கொடுத்திருக்கிறார். சோபியா பாடவேளை முடியும்வரைக்கும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். டீச்சர் திட்டவில்லை. "ஒரு கணக்கு தரேன். வீட்ல யாரையாவது கேட்டாவது புரிஞ்சிக்கோ. திங்கக்கிழமை போர்டுல போட்டுக் காட்டு. வரலன்னா மனசைப் போட்டு ஒழப்பிக்காம வேற குரூப் போயிடு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

சோபியாவால் வேறு குரூப்புக்குப் போக முடியாது. அவள் எக்ஸ்ரே எடுக்கிறவளாக ஆக வேண்டும். போன வருஷம் சாமுவேலுக்குக் கை முறிந்து செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது அந்த வேலையைப் பார்த்துவிட்டாள். அங்கே ஒரு பெண், வருகிறவன் போலீஸ்காரனா பண்ணையாரா என்று பார்க்காமல், "சட்டையக் கழட்டு, அசையாத" என்றாள். எல்லாரும் கழட்டினார்கள். யாரும் அசையவில்லை. இப்படி ஒரு உத்தியோகம் உலகத்தில் இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து சோபியாவுக்குத் தூக்கம் இல்லை. அதற்குப் பிசிக்ஸ் வேண்டும்.

"கணக்கு இன்னா?" என்றார் சாமுவேல்.

சோபியா படித்தாள். ஒரு கிணற்றின் விளிம்பிலிருந்து ஒரு கல் விடப்படுகிறது. மூன்று விநாடியில் அது நீரைத் தொடுகிறது. நீர்மட்டம் எவ்வளவு ஆழத்தில் உள்ளது? காற்றுத் தடையையும் ஒலி மேலே வரும் நேரத்தையும் புறக்கணிக்க.

சாமுவேல் மிளகாயைக் கீழே வைத்தார்.

"எந்த ஊரு கெணறு?"

"ஊர் போடலப்பா."

"ஊரு போடாம எப்டிம்மா? கொல்லிமேட்டுக் கெணறா, ஆத்தோரக் கெணறா? ஆத்தோரம்னா பதினஞ்சு அடில தண்ணி. மேட்டுக்குப் போனா வேற. யார் நெலத்துல கீதுன்னாவது போட்டுக்கீதா?"

"இல்ல."

"கேட்டுக்கினு வந்திருக்கலாமில்ல."

மங்கம்மா கருவாட்டைத் தட்டிக்கொண்டே, "நாளைக்கு நூறு நாள் வேலைல எல்லாரும் வருவாங்க. அங்க சொல்லு. யார் கெணறுன்னு அரை மணில தெரிஞ்சிடும்" என்றாள்.

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. காணாமல் போன ஆடு, ஓடிப்போன மாப்பிள்ளை, ரேஷனில் எப்போது பாமாயில், எல்லாமே அந்த வேலையில்தான் தெரிய வரும். ஏரிக்கரையில் மண் வெட்டுவதும் இடையிடையே நடக்கும்.

சனிக்கிழமை சோபியாவும் புத்தகத்தோடு அம்மா கூடப் போனாள். பணித்தளப் பொறுப்பாளர் தேவயானி எல்லாரையும் வரிசையாக நிறுத்தி வருகைப் படம் எடுத்தாள். எடுத்து முடித்ததும் வரிசை அப்படியே நகர்ந்து புங்கமரத்தடியில் உட்கார்ந்தது. மங்கம்மா கணக்கைச் சொன்னாள். அவள் சொன்னபோது கிணற்றில் கல்தான் விழுந்தது. அது வாய் வழியாக வரிசைக் கடைசிக்குப் போய்ச் சேர்ந்தபோது கல்லுக்குப் பதில் ஒரு மருமகள் விழுந்திருந்தாள். மாமியார் யார் என்று பேச்சு வந்துவிட்டது. தேவயானி எழுந்து போய் மருமகளை வெளியே எடுத்து மறுபடி கல்லைப் போட வேண்டியதாயிற்று.

கரைக்குக் கீழேதான் ஏகாம்பரத்தின் நிலம். மடை திருப்ப வந்தவர் காதில் கிணறு என்ற சொல் விழுந்தது. கரைமேல் ஏறி வந்தார்.

"யார் கெணத்தப் பத்திப் பேசறீங்க?"

"மூணு விநாடி கெணறு நைனா. யாருதுன்னு தெரில" என்றார் சாமுவேல். டிராக்டருக்கு டீசல் வாங்கப் போகிற வழியில் அவரும் நின்றிருந்தார்.

"இதுல தெரியாம இன்னா கீது? இந்தச் சுத்துவட்டாரத்துல மூணு எண்ற அளவுக்கு ஆயமான கெணறு எவன்கிட்ட கீது? என்னுதுதான். அறுபது அடி. எயுதிக்கமா."

சோபியா எழுதவில்லை. சாமுவேலும் வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் அந்தக் கிணற்றை வெட்டியது அவருடைய அப்பா சின்னப்பையன். முப்பத்தெட்டு அடியில் பாறை தட்டி, அதற்கு மேல் போகவில்லை. தண்ணீர் கண்ட அன்றைக்கு ஏகாம்பரத்தின் அப்பா சின்னப்பையனுக்கு ஒரு வேட்டி கொடுத்தார். நாளையிலிருந்து இந்தக் கிணற்றுப் பக்கம் வராதே என்றும் சொன்னார். அந்தக் காலத்தில் இரண்டையும் சேர்த்துத்தான் கொடுப்பார்கள். ஆழம் முப்பத்தெட்டு என்பது காலனியில் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். ஊருக்குள் அது அறுபது.

கணவருக்கு நாஷ்டா கொண்டுவந்த சொக்கம்மாள் தூக்குச்சட்டியை இறக்கி வைத்துவிட்டு, "அறுபது அடின்னா என் நாப்பது அடி கவுறு தண்ணி எப்டி மொள்ளுது?" என்று கேட்டாள்.

"கவுறு இயுக்க இயுக்க நீளும். நீ சும்மாக் கெட."

கல்லைப் போட்டுப் பார்த்துவிடலாம் என்று தீர்மானமாயிற்று. தேவயானி வேண்டாம் என்றாள். பிறகு அவளும் வந்தாள். கரையில் மண்வெட்டிகள் மட்டும் வேலை பார்த்தன.

ஏகாம்பரமே கல்லைப் போட்டு அவரே எண்ணினார். அவர் இளவயதிலிருந்து களத்தில் மரக்கால் பிடித்து நெல் அளந்தவர். களத்தில் ஒன்று என்று யாரும் சொல்லமாட்டார்கள். லாபம் என்றுதான் தொடங்க வேண்டும். மழை வருவதற்குள் அளந்து முடிக்கிற வாய் அது.

"லாபம்ரெண்டுமூணு" என்றார். தண்ணீரில் தொபுக்கென்றது. "பாத்தியா. மூணு."

மங்கம்மாவுக்கு மனசு ஒப்பவில்லை. அவள் நாற்று முடியை எண்ணுகிறவள். பாட்டோடு எண்ணிப் பழக்கம். "ஓஓஓண்ணூ" என்று அவள் ராகத்தை இறக்குவதற்குள் கல் போய்ச் சேர்ந்துவிட்டது. "எனக்கு ஒண்ணுதான் வந்துது" என்றாள். இன்னொருத்தி எண்ணினாள், அவளுக்கு ஐந்து வந்தது. எல்லாரும் ஆளுக்கொரு கல் போட்டார்கள். கிணற்றுத் தவளைகள் படிக்கட்டில் ஏறி வந்து, இது எப்போது முடியும் என்பதுபோல உட்கார்ந்துகொண்டன.

அந்த நேரத்தில் வினோத்குமார் பைக்கில் வந்தான். ஏகாம்பரத்தின் தங்கை மகன். பி.இ. படித்துவிட்டு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். ராத்திரி ஷிப்டு முடித்து, கண் சிவந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமலே கணக்கை வாங்கிப் பார்த்தான்.

"இது ரொம்ப ஈஸி. அஞ்சு இன்டு மூணு இன்டு மூணு. நாப்பத்தஞ்சு மீட்டர். ஏறக்குறைய நூத்தம்பது அடி."

கிணற்றைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் அவனைப் பார்த்தார்கள். தூக்கம் கெட்டால் மனிதன் இப்படியா ஆவான் என்று சிலருக்கு இரக்கமாகக்கூட இருந்தது.

"நூத்தம்பது அடியா?" என்றாள் மங்கம்மா. "ஏம்பா, நூத்தம்பது அடில கெணறு வெட்டினா கீய இருக்கறவனுக்குச் சோறு எப்டிப்பா எறக்குவ? போறதுக்குள்ள ஊசிப்பூடும்."

"கணக்குக்குச் சோறு எல்லாம் வேணாம் அத்தை."

"சோறு இல்லாம எவன் வெட்டுவான்?"

"டேய் வினோத்து" என்றார் ஏகாம்பரம், "ஆத்துப் பக்கத்துல கீற ஊர்ல நூத்தம்பது அடிக்குத் தண்ணி இல்லன்னு வெளிய சொல்லாத. பொண்ணு குடுக்க மாட்டான்."

"மாமா, கணக்குல வர்ற கெணறு உங்க கெணறே இல்ல."

"அப்ப யாருது?"

வினோத்குமார் ஹெல்மெட்டுக்குள் விரலை விட்டுச் சொறிந்துகொண்டான். நாலு வருஷம் படித்திருக்கிறான். யார் கிணறு என்று அங்கே சொல்லித் தரவில்லை. "என்னமோ பண்ணுங்க. கல்லப் போட்டுப் போட்டு இருக்கற ஆழத்தையும் கொறைச்சிடாதீங்க" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டான்.

மூன்று பதில்கள் நின்றன. அறுபது, நூற்றைம்பது, யாரும் சத்தமாகச் சொல்லாத முப்பத்தெட்டு. பேசப் பேசப் பதில்கள் கூடினவே தவிர ஒன்றுகூடக் குறையவில்லை. அப்போதுதான் தேவயானி சொன்னாள்.

"நம்ம இன்னாத்துக்கு அடிச்சிக்கணும்? உத்திரமேரூர்க் கோயில் சொவுத்துலயே எயுதி வச்சிக்கீது. அந்தக் காலத்துல ஒரு வழக்குன்னா, ஒரு ஆளப் பொறுக்கணும்னா, கொடத்துல ஓலை போட்டுத்தான் எடுத்தாங்க. ஒலகமே வந்து படம் புடிக்குது. நமக்குத் தெர்லன்னா எப்டி?"

குடவோலை ஊர்க்காரர்கள் அதற்கு மேல் என்ன சொல்ல முடியும்? பணித்தளத்துக் குடிதண்ணீர்க் குடத்தைக் கவிழ்த்தார்கள். அன்றைக்குச் சாயங்காலம்வரை யாருக்கும் குடிக்கத் தண்ணீர் இல்லை. கரைப் பனையில் ஓலை வெட்டி நறுக்கினார்கள். ஆளுக்கு ஒரு ஓலை. ஏகாம்பரம் தன் பேரில் ஒன்று, சொக்கம்மாள் பேரில் ஒன்று, துபாயில் இருக்கிற மகன் பேரில் ஒன்று, அங்கே இன்னும் பிறக்காத பேரன் பேரில் ஒன்று, எல்லாவற்றிலும் அறுபது எழுதிப் போட்டார். சாமுவேல் தன் ஓலையில் என்ன எழுதினார் என்று யாரும் பார்க்கவில்லை. வினோத்குமார் தூங்கிக்கொண்டிருந்ததால் நூற்றைம்பதுக்கு ஓலையே விழவில்லை.

தேவயானியின் மகள், நடக்கப் பழகியிருக்கும் குழந்தை, குடத்துக்குள் கையை விட்டு ஒரு ஓலையை எடுத்து முதலில் கடித்துப் பார்த்தது. பிடுங்கிப் பார்த்தால் அறுபது.

"நானே திங்கக்கெயம இஸ்கூலுக்கு வரேன்" என்றார் ஏகாம்பரம். "கெணத்துக்காரன் வந்து நின்னா டீச்சருக்கும் ஒரு மரியாத. சாமுவேலு, டிராக்டர்லயே போயிடலாம்."

வீட்டுக்கு வந்ததும் சோபியா புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் பாயில் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள்.

"அறுபதுன்னு எயுதிட்டுப் போயேன்" என்றாள் மங்கம்மா. "எயுதினா கையா வலிக்கும்?"

"தப்புன்னா குரூப் மாத்திடுவாங்கம்மா."

"அறுபது இல்லன்னு எயுதினா?"

சோபியா சாமுவேலைப் பார்த்தாள். சாமுவேல் கூரையைப் பார்த்தார். டிராக்டர் சாவி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஏகாம்பரம் கெட்டவர் இல்லை. ஆனால் பள்ளிப் பிள்ளைகள் முன்னால், அதுவும் ஒரு டீச்சர் முன்னால், கிணற்றில் இருபத்திரண்டு அடியைக் குறைத்துவிட்டால் மறுநாள் அந்தச் சாவி யார் வீட்டு ஆணியில் தொங்கும் என்று சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து, பைபிளும் கையுமாக வரும் வழியில் சோபியா கிணற்றுப் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, எனக்கு ஒரு தபா பாத்துடணும். வினோத்தண்ணன் சொன்ன கணக்கு நெசமான்னு. உன் போன்ல ஸ்டாப்வாட்ச் கீது. நான் அமுக்கறேன், நீ கல்லப் போடு."

சாமுவேல் ஒரு கையில் போனும் ஒரு கையில் கல்லுமாகக் குனிந்தார். எதைப் போட வேண்டும் என்பதில் அவருக்கு ஒரு கணம் குழப்பம் வந்தது. சோபியா போனைப் பிடுங்கிக்கொண்டாள். கல் விழுந்தது. ஒன்றரை விநாடி. மறுபடி போட்டார்கள். ஒன்றரைதான். எத்தனை முறை போட்டாலும் கிணறு பேச்சை மாற்றவில்லை.

சோபியா வரப்பில் உட்கார்ந்து போட்டாள். அஞ்சு பெருக்கல் ஒன்றரை பெருக்கல் ஒன்றரை. பதினொன்றேகால் மீட்டர். அடியில் பார்த்தால் முப்பத்தேழு.

"முப்பத்தேயுப்பா."

"தண்ணி வரைக்கும் தான அது?" என்றார் சாமுவேல். எட்டிப் பார்த்தார். கோடையில் வற்றி, பாறைமேல் ஒரு அடித் தண்ணீர்தான் கிடந்தது. "முப்பத்தேயும் ஒண்ணும்."

சோபியா முப்பத்தெட்டு என்று எழுதிச் சுற்றிலும் வட்டம் போட்டாள். சின்னப்பையன் செத்துப் பல வருஷமாயிற்று. பாடப்புத்தகத்துச் சூத்திரம் அவரைத் தேடி வந்து, நீ சொன்னது சரிதானப்பா என்று சொல்லிவிட்டுப் போன மாதிரி இருந்தது.

"அப்ப இந்தக் கணக்கு பொய் சொல்லாது" என்றாள் சோபியா. "மூணு விநாடின்னா நாப்பத்தஞ்சு மீட்டர்தான். நாளைக்கு நான் அத்தத்தான் எயுதப்போறேன்."

"நைனா எதுருல?"

"அவுரு எதுருலதான். நீ வேணா வெளிய நில்லு."

"வெளிய எதுக்கு நிக்கணும்" என்றார் சாமுவேல். ஆனால் குரலில் அவ்வளவு உறுதி இல்லை. அன்றைக்கு ராத்திரி சோபியா புத்தகத்தை விரித்து, அந்த அஞ்சு எங்கேயிருந்து வருகிறது என்று வரிவரியாகப் படித்தாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூட வாசலில் டிராக்டர் வந்து நின்றது. ஏகாம்பரம் சலவை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. தமிழ்ச்செல்வி டீச்சர் இரண்டு நாற்காலி போடச் சொன்னார். ஏகாம்பரம் உட்கார்ந்தார். சாமுவேல் நின்றார். "நீங்களும் உக்காருங்க" என்றார் டீச்சர். சாமுவேல் நாற்காலியின் நுனியில், அதற்கு வலிக்காதபடி உட்கார்ந்தார்.

"நான்தான் கெணத்துக்காரன்" என்றார் ஏகாம்பரம்.

"எந்தக் கெணறு?"

"நீங்க கணக்குல போட்டீங்களே, அது. மூணு எண்ணும். நானே எண்ணிப் பாத்தேன்."

டீச்சர் பத்து வருஷமாக இந்தக் கணக்கைக் கொடுத்து வருகிறார். கிணற்றுக்குச் சொந்தக்காரர் வந்தது இதுதான் முதல் தடவை. அவர் சிரிப்பை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "சரிங்கய்யா. சோபியா, போர்டுக்கு வா" என்றார்.

சோபியா சாக்பீஸை எடுத்தாள். ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். ஏகாம்பரம் அறுபதுக்காகக் காத்திருந்தார். சாமுவேல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சோபியா எழுத ஆரம்பித்தாள். கல் விடப்படுகிறது, ஆகவே தொடக்க வேகம் சுழி. புவியீர்ப்பு முடுக்கம் பத்து. பாதி பெருக்கல் பத்து பெருக்கல் மூன்று பெருக்கல் மூன்று. ஒவ்வொரு வரிக்கும் ஏன் என்று டீச்சர் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். கல் போகப் போக வேகம் கூடுகிறது, அதனால் நேரம் ரெண்டு மடங்கானால் ஆழம் நாலு மடங்காகும் என்று டீச்சர் கேட்காததையும் சொன்னாள். கடைசியில் நாற்பத்தைந்து மீட்டர் என்று எழுதிக் கீழே கோடு போட்டாள்.

"நாப்பத்தஞ்சா?" என்று ஏகாம்பரம் எழுந்தார். நாற்காலி கிறீச்சென்றது. "கொடத்துல அறுபதுதானம்மா வந்துச்சு?"

"அது அடி தாத்தா. இது மீட்டரு" என்றாள் சோபியா. சாக்பீஸ் விரலிடுக்கில் ஒடிந்தது.

"அடில இது எவ்ளோ?"

"நூத்தி நாப்பத்தெட்டு அடிங்கய்யா" என்றார் டீச்சர். "பொண்ணு சரியாப் போட்டிருக்கு. மூணு விநாடின்னா நூத்தி நாப்பத்தெட்டு அடிதான். அதுல மாத்தமே இல்ல."

ஏகாம்பரம் போர்டைப் பார்த்தார். தன் விரல்களில் லாபம், ரெண்டு, மூணு என்று மெதுவாக எண்ணிப் பார்த்தார். முகத்தில் ஒவ்வொரு இடமாக வெளிச்சம் வந்தது.

"நூத்தி நாப்பத்தெட்டு" என்றார். "நான்தான் அடக்கமா அறுபதுன்னு சொல்லிக்கினு இருந்துட்டேன் டீச்சரம்மா."

சாமுவேல் முதல் முறையாக நாற்காலியில் முழுசாக உட்கார்ந்தார்.

டீச்சர் குரூப் மாற்றும் தாளை இரண்டாக மடித்து மேசைக்குள் போட்டார். "நீ இங்கயே இரு. அடுத்த வாரம் வண்டிச் சக்கரக் கணக்கு" என்றார். ஏகாம்பரம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினார்.

திரும்பும் வழியில் உத்திரமேரூர்க் கடைத்தெருவிலேயே டிராக்டரை நிறுத்தச் சொல்லி, நீர்மூழ்கி மோட்டார் ஒன்றும் நூற்றைம்பது அடிக்குக் கறுப்புக் குழாயும் வாங்கினார். இத்தனை ஆழமான கிணற்றுக்குப் பழைய மோட்டாரை வைத்துக்கொண்டிருந்தது அவமானம் என்று கடைக்காரரிடம் சொன்னார். சாமுவேல் குழாயை ஏற்றிக் கட்டினார். வாயைத் திறந்தால் சிரிப்பு வருமா வேறு ஏதாவது வருமா என்று அவருக்கே நிச்சயமில்லை.

மறுநாள் காலை சாமுவேல் கிணற்றுக்குள் குழாயை இறக்கினார். கால்வாசி போனதும் மோட்டார் பாறைமேல் உட்கார்ந்துகொண்டது. மீதிக் குழாய் மேலே கிடந்தது. கொஞ்சநஞ்சம் இல்லை. வரப்பைச் சுற்றி, மோட்டார்க் கொட்டகையைச் சுற்றி, பக்கத்து நிலத்துக்காரன் எல்லைக்கல்வரைக்கும் போய்த் திரும்பி ஏகாம்பரத்தின் காலடியில் வந்து நின்றது. சொக்கம்மாள் அதில் ஈரத்துணி காயப்போட்டுவிட்டுப் போனாள்.

ஏகாம்பரம் குழாயைப் பார்த்தார். கிணற்றைப் பார்த்தார். டீச்சர் கணக்கில் மாற்றமே இல்லை என்று சொன்னதை நினைத்துப் பார்த்தார்.

"சாமுவேலு."

"சொல்லு நைனா."

"கெணறு தூந்து பூட்டுக்கீதுடா. நூறு அடிக்கு மேல அடைச்சிக்கினு கீது."

சாமுவேல் எட்டிப் பார்த்தார். அடியில் பாறை பளபளவென்று தெரிந்தது.

"ஆமா நைனா" என்றார். "எங்கப்பன் வெட்டினப்ப இவ்ளோ அடைப்பு இல்ல."

"காலனில எத்தினி ஆளு கீறாங்களோ அத்தினி பேரையும் கூப்புடு. வெடி வக்கிறவனயும் கூப்புடு, சேறு கெட்டியாக் கீது. நூத்தி நாப்பத்தெட்டு வர்ற வரைக்கும் வார்றா."

இன்னும் வாரிக்கொண்டுதான் இருக்கிறார்கள். காலனியில் அந்த வருஷம் வேலை தேடி வெளியூர் போனவர்கள் யாரும் இல்லை. சோபியா லீவு நாளில் போய்க் கல்லைப் போட்டுப் பார்க்கிறாள். ஒன்றே முக்கால் விநாடி வந்துவிட்டதாம்.